பிரிவினைக் கதைகளை வாசிக்கிறது எப்பிடி: கொழும்பில இருந்து ஒரு முழு வழிகாட்டி

1947 இந்திய-பாகிஸ்தான் பிரிவினையைப் பற்றின கதை, நாவல் எல்லாம் வாசிக்கோணும், ஆனா எங்க தொடங்கிறது எண்டு கேக்கிற ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கினம், முக்கியமா ஏஎல் முடிச்சிட்டு நிக்கிற பிள்ளைகளும் கம்பஸ்ல இலக்கியம் செய்யிற ஆக்களும். வெறும் பட்டியல் காணாது எண்டதாலதான் இதைப் படிப்படியா எழுதிறன், எதை முதல் எடுக்கிறது, வாசிக்கேக்க எதைக் கவனிக்கிறது, எந்த இடத்தில கதையை நம்பாமல் நிண்டு யோசிக்கிறது எண்டு.

தொடங்க முதல் ஒரு விசயம். நாடு பிரிஞ்ச கதை எண்டவுடன எங்களுக்கு மேப்பும் எல்லைக் கோடும்தான் கண்ணுக்கு முன்னால வரும். ஆனா அந்தக் காலத்தை எழுதின நல்ல எழுத்தாளர் எல்லாரும் பாத்தது ஆக்களை எப்பிடிப் பங்கு பிரிச்சினம் எண்டதை. நீ அங்கால, நீ இஞ்சால எண்டு எங்கயோ ஒரு கந்தோர்ல இருந்து ஆரோ தீர்மானிக்க, அந்த ஆளைக் கேக்கவே இல்லாமல் அவன்ட ஊர், வீடு, பெண்சாதி, பேர் எல்லாம் இடம் மாறுது. இதை விளங்கிறதுக்கு எங்கட ஆக்களுக்குப் பஞ்சாப் தேவையில்ல, மலையகத் தோட்டங்களில இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமே காணும், அதுக்குப் பிறகு வாறன். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சீங்கள் எண்டால் ஒவ்வொரு கதையும் வேற மாதிரித் தெரியும்.

படி 1: ஒரு பக்கத்தில திகதிகளை எழுதி வையுங்கோ

கொப்பியில ஒரே ஒரு பக்கம் காணும். 1946 ஓகஸ்ட் 16 கல்கத்தாக் கலவரம், அந்த வருசம் ஒக்டோபரில நவகாளி, 1947 மார்ச்சில ராவல்பிண்டிப் பக்கம், யூன் 3 நாட்டைப் பிரிக்கிற மவுண்ட்பேட்டன் திட்டம், யூலை 8 சிரில் ராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்த நாள், ஓகஸ்ட் 14, 15 சுதந்திரம், ஓகஸ்ட் 17 எல்லை எங்க போகுது எண்டு வெளியில சொன்ன நாள். கடைசி ரெண்டையும் வடிவாப் பாருங்கோ. சுதந்திரம் வந்து ரெண்டு நாளைக்குப் பிறகுதான் கோடு எங்க எண்டே சனத்துக்குத் தெரிஞ்சது. வங்காளத்தில முர்ஷிதாபாத்தில முதல் பாகிஸ்தான் கொடி ஏறினது, குல்னாவில இந்தியக் கொடி ஏறினது, பேந்து ரெண்டும் மாறிப் போச்சு. ராட்கிளிஃப் எண்ட ஆள் அதுக்கு முதல் இந்தியாவுக்கு வந்ததே இல்லாத ஒரு வக்கீல், பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைச்சது அஞ்சு கிழமை.

ஒரு கோடி இருபது லட்சத்தில இருந்து ஒண்டரைக் கோடி வரைக்கும் ஆக்கள் இடம் மாறினதா வரலாற்று ஆசிரியர்கள் சொல்லுகினம், செத்த ஆக்கள்ட கணக்கு ரெண்டு லட்சத்தில இருந்து இருவது லட்சம் வரைக்கும் போகுது, பொதுவாச் சொல்லுறது பத்து லட்சம். கணக்கிலயே இவ்வளவு இடைவெளி இருக்கெண்டால் அந்த இடைவெளிக்குள்ள விழுந்த ஆக்கள் ஆர் எண்ட கேள்வி வருது, கதைகள் அந்த ஆக்களிட்டத்தான் போகுது.

இன்னொரு சின்னக் குறிப்பும் அந்தப் பக்கத்தில இருக்கட்டும். சிந்து மாகாணத்தைப் பிரிக்கவே இல்ல, முழுசா பாகிஸ்தானுக்குப் போனது, ஆனாலும் அங்க இருந்த இந்துக்களில பெரும்பாலான ஆக்கள் வெளிக்கிட்டினம். கொழும்பு பெற்றாவில தலைமுறையா துணி வியாபாரம் செய்யிற சிந்தி ஆக்கள்ட சொந்த ஊரும் அப்பிடித்தான் ஒரு நாள் வெளிநாடாப் போச்சு. கோடு கீறாத இடத்திலயும் ஆக்களைப் பிரிக்க ஏலும் எண்டதுக்கு இது நல்ல சாட்சி.

படி 2: நாவலை எடுக்க வேண்டாம், மண்ட்டோவில தொடங்குங்கோ

சாதத் ஹசன் மண்ட்டோ 1948 ஜனவரியில பம்பாயை விட்டு லாகூருக்குப் போனவர், 1955 ஜனவரி 18 அங்கயே செத்துப் போனார், வயசு 42. உருதுவில எழுதினவர், தமிழில மொழிபெயர்ப்புத் தொகுப்புகள் இருக்கு, சிறுகதைகள் எண்டபடியால் பஸ்ஸில போகேக்கயே ஒண்டை முடிச்சிடலாம், ஆனா முடிச்ச கையோட அடுத்ததைத் தொடக்கூடாது, ஒரு நாள் விடுங்கோ.

முதல் கதை ‘டோபா டேக் சிங்’. பிரிவினை நடந்து ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகு ரெண்டு அரசாங்கமும் கைதிகளை மாத்தின மாதிரி மனநோயாளிகளையும் மாத்துவம் எண்டு முடிவெடுக்கினம், இந்துவும் சீக்கியனும் இந்தியாவுக்கு, முஸ்லிம் பாகிஸ்தானுக்கு. லாகூர் ஆஸ்பத்திரியில பதினஞ்சு வருசமாப் படுக்காமல் நிண்டுகொண்டே இருக்கிற பிஷன் சிங் எண்ட சீக்கியர், தன்ட ஊர் டோபா டேக் சிங் இப்ப எங்க இருக்கு எண்டு பாக்கிற ஆக்களிட்ட எல்லாம் கேக்கிறார். ரெண்டு தரம் வாசியுங்கோ. முதல் தரம் கதைக்காக. ரெண்டாம் தரம் பென்சிலோட, அவர் அந்தக் கேள்வியை ஆரிட்டக் கேக்கிறார், அவை என்ன பதில் சொல்லுகினம் எண்டு ஒவ்வொண்டா அடையாளம் போடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. டாக்குத்தர்மாருக்குத் தெரியாது, ஊர்ல இருந்து பாக்க வந்த பழைய சிநேகிதன் இந்தியா எண்டு தொடங்கி இல்லையில்ல பாகிஸ்தான் எண்டு மாத்தித் தடுமாறுறார். நாட்டைப் பிரிச்ச புத்திக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் நடுவில எந்தப் பக்கம் தெளிவா இருக்கு எண்டு மண்ட்டோ ஒரு வரியும் விளக்கம் சொல்லேல்ல, அந்த ஒரு கேள்வியை மட்டும் திருப்பித் திருப்பிக் கேக்க விடுறார்.

அடுத்தது ‘சியா ஹாஷியே’, 1948இல வந்த குறுங்கதைகள், சிலது ரெண்டு மூண்டு வரிதான். அதில கனக்கக் கதைகளில கொலைகாரன் எந்த மதம் எண்டே வராது. வாசிக்கேக்க உங்கட மனசு தானா ஒரு பக்கத்தை ஊகிக்கும், எந்தப் பக்கத்தை ஊகிச்சது எண்டு நேர்மையாக் குறிச்சு வையுங்கோ, பேந்து தேவைப்படும்.

மூண்டாவது ‘கோல் தோ’. இதில பாலியல் வன்முறை வருது, சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்கிற கதை இல்ல, பெரிய ஆக்களும் மனசைத் தயார்படுத்திக்கொண்டு எடுங்கோ. காணாமல் போன மகளைத் தேடித் தரச்சொல்லி ஒரு தகப்பன் தன்ட சமூகத்து இளைஞர்களை நம்புறார். எதிரி மற்றப் பக்கத்தில எண்டு நினைச்சு வாசிக்கிற ஆளை அந்தக் கதை தன்ட பக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து நிப்பாட்டும். இந்த மாதிரி எழுதினதுக்குத்தான் மண்ட்டோ கோட்டுக்கு இழுபட்டார், ‘தண்டா கோஷ்த்’ கதைக்குப் பாகிஸ்தானில ஆபாச வழக்கே போட்டினம்.

படி 3: எழுதின வருசத்தைப் பாருங்கோ

இதைக் கனபேர் விட்டிடுவினம். கதை நடக்கிறது 1947 எண்டாலும் எழுதின வருசத்தில எழுத்தாளருக்கு முன்னால வேற ஒரு நெருப்பு எரிஞ்சிருக்கும். பீஷ்ம் சாஹ்னி ராவல்பிண்டிக்காரர், 1947 கலவரத்தைக் கண்ணால பாத்தவர், ஆனா ‘தமஸ்’ நாவல் வந்தது 1970களில, 1970இல மகாராஷ்டிராவில பிவண்டிக் கலவரம் நடந்த இடத்தைப் போய்ப் பாத்த பிறகுதான் பழைய ராவல்பிண்டி அவருக்குத் திரும்பி வந்தது. இன்திசார் ஹுசைன்ட ‘பஸ்தி’ 1979, அதில 1971 பங்களாதேஷ் யுத்தமும் 1947உம் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கு. அமிதாவ் கோஷ்ட ‘நிழல் கோடுகள்’ 1988, 1984இல டெல்லியில சீக்கியர்களைக் கொலை செய்த காலம் முடிஞ்சு நாலு வருசம். அப்ப நீங்கள் செய்யவேண்டியது லேசு, புத்தகத்தின்ட முதல் பக்கத்தில நடந்த வருசம், எழுதின வருசம் ரெண்டையும் எழுதி, நடுவில என்ன நடந்தது எண்டு யோசியுங்கோ.

படி 4: ‘முந்தி எல்லாரும் ஒண்டா இருந்தம்’ எண்டு வந்தால் நில்லுங்கோ

இனி நாவல். ரெண்டு நாவலைப் பக்கத்தில பக்கத்தில வச்சு வாசிக்கச் சொல்லுறன்.

குஷ்வந்த் சிங்கின்ட ‘பாகிஸ்தானுக்குப் போகும் ரயில்’ 1956. சட்லெஜ் ஆத்துக்குப் பக்கத்தில மனோ மாஜ்ரா எண்ட கற்பனைக் கிராமம், சீக்கியரும் முஸ்லிமும் ஒரே ஊர்ல, ரயில் சத்தத்தை வச்சுத்தான் சனம் நித்திரையாகிறதும் எழும்பிறதும். ஒரு நாள் பிணங்களோட ஒரு ரயில் வந்து நிக்குது, அதோட அந்த ஒழுங்கே குழம்புது. வாசிக்க விறுவிறுப்பு, கடைசிக் காட்சியில மூச்சு விட ஏலாது. ஆனா அதில கெட்டது எல்லாம் வெளியில இருந்துதான் வருது, ரயிலில, ஜீப்பில, வெளியூர்ப் பொடியன்களோட. ஊர் எண்டால் சுத்தம். எனக்கு இது முழுசா ஒத்துக்கொள்ள ஏலாத இடம்.

‘தமஸ்’ அப்பிடி விடாது. நத்து எண்ட தோல் வேலை செய்யிற ஏழைக்குக் காசு குடுத்து ஒரு பண்டியைக் கொல்லச் சொல்லுறான் முராத் அலி, ஏன் எதுக்கு எண்டு நத்துவுக்குத் தெரியாது, விடியப் பாத்தால் அது பள்ளிவாசல் வாசல்ல கிடக்கு. அதுக்குப் பிறகு ஊருக்குள்ளயே இருந்த பயிற்சி, ஆயுதம், கணக்கு எல்லாம் ஒவ்வொண்டா வெளியில வருது. வெள்ளைக்கார அதிகாரி பழைய காலத்துச் சிலையையும் சரித்திரத்தையும் ஆராயிறதில காட்டுற அக்கறையை எரியிற ஊரில காட்டேல்ல, கனக்கச் சனம் செத்து முடிஞ்ச பிறகு ஆகாயத்தில ஒரு பிளேன் பறக்குது, கலவரம் அடங்குது. அப்ப முதலே ஏன் பறக்கேல்ல எண்ட கேள்வி வாசிக்கிற ஆளின்ட வாயில வருது, நாவல் கேக்கேல்ல. கடைசியில சமாதானக் கமிட்டி பஸ்ஸில டிரைவருக்குப் பக்கத்தில இருந்து ஒற்றுமைக் கோஷம் போடுறது ஆர் தெரியுமோ, அதே முராத் அலி.

கொழும்பில 83ஐ, அதாவது 1983 யூலையில தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்தைப் பற்றிக் கதைக்கேக்கயும் நாங்கள் எல்லாரும் சொல்லுறது, முந்தி ஒரு பிரச்சினையும் இல்ல, வெளியில இருந்து லொறியில வந்த ஆக்கள்தான் செய்தவை எண்டு. அதில உண்மை இருக்கு, பக்கத்து வீட்டுச் சிங்களச் சனம் ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின வீடுகள் எத்தினையோ இருக்கு. ஆனா வாக்காளர் பட்டியல் ஆர்ட கையில இருந்தது, எந்த வீடு ஆர்ட எண்டு காட்டினது ஆர் எண்டும் கேக்கத்தானே வேணும். ‘தமஸ்’ வாசிச்ச பிறகு அந்தக் கேள்வியைக் கேக்காமல் இருக்க ஏலாது, அதாலதான் இந்த நாவலை நான் மற்றதுக்கு மேல வைக்கிறன். கோவிந்த் நிஹலானி எடுத்த ‘தமஸ்’ தொடர் 1988இல தூர்தர்ஷனில வந்தது, புத்தகம் கிடைக்காட்டி அதைப் பாருங்கோ.

படி 5: பொம்பிளைகளுக்கு நடந்ததைத் தனியா வாசியுங்கோ

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டவேண்டாம், முழு வழிகாட்டியிலயும் முக்கியமான படி இதுதான்.

கலவரத்தில கடத்தப்பட்ட பொம்பிளைகளைத் திருப்பி மீட்கிறது எண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் 1947 டிசம்பரில உடன்பட்டினம், 1949இல இந்தியாவில கடத்தப்பட்டோர் மீட்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில ஆம்பிளை எண்டால் 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை மட்டும், பொம்பிளை எண்டால் எந்த வயசும். அதாவது 40 வயசுப் பொம்பிளை நான் இஞ்சயே இருக்கிறன் எண்டு சொன்னாலும் அவவின்ட சொல்லு சட்டத்துக்கு முன்னால எடுபடாது, பொலிஸ் வந்து ஏத்திக்கொண்டு போகலாம். ஆக்களைப் பங்கு பிரிக்கிறது எண்டு முதல்ல சொன்னன், அதின்ட உச்சம் இதுதான்.

இதை மனசில வச்சுக்கொண்டு ராஜிந்தர் சிங் பேடியின்ட ‘லாஜவந்தி’ சிறுகதையை எடுங்கோ. சுந்தர்லால் எண்டவர் மீட்டுக்கொண்டு வந்த பொம்பிளைகளை வீட்டில ஏத்துக்கொள்ளுங்கோ, மனசில இடம் குடுங்கோ எண்டு ஊர்வலம் போற ஆள், அவர்ட பெண்சாதியும் காணாமல் போனவ. ஒரு நாள் அவ திரும்பி வாறா. அவர் ஏசேல்ல, அடிக்கேல்ல, முந்தி அடிச்சவர் இப்ப தேவி எண்டு கூப்பிடுறார். ஆனா அவ தனக்கு நடந்ததைச் சொல்ல வெளிக்கிட்டால் அதை விடு எண்டு நிப்பாட்டிப் போடுறார். அவவுக்குத் தேவிப் பட்டம் வேண்டாம், பழைய மாதிரிச் சண்டை பிடிக்கிற பெண்சாதியா இருக்கோணும், அது மட்டும் கிடைக்கேல்ல. நல்ல மனுசன் ஒருத்தர் செய்யிற கொடுமையை இவ்வளவு அமைதியா எழுதின கதை வேற நான் வாசிக்கேல்ல.

பிறகு அம்ரிதா ப்ரீதம்ட ‘பிஞ்சர்’, 1950. பூரோ எண்ட பிள்ளையை ரஷீத் தூக்கிக்கொண்டு போறான், தப்பி வீட்டுக்கு ஓடி வந்த மகளைத் தாய் தகப்பன் உள்ள எடுக்கேல்ல. இது பிரிவினைக்கு முதல் நடக்குது எண்டதைக் கவனியுங்கோ, கோடு வர முதலே பொம்பிளையின்ட உடம்பில கோடு இருந்தது. கடைசியில அவ எடுக்கிற முடிவைப் பற்றி உங்கட குறூப்பில சண்டை வரும், வரட்டும்.

வாசிக்கேக்க ஒரு வேலை செய்யுங்கோ: அந்தப் பொம்பிளை தன்ட வாயால கதைக்கிற இடத்தை மட்டும் கோடு போடுங்கோ. சில பேர்போன நாவல்களில கோடு போட ஒரு வரியும் இராது. ‘தமஸ்’இல சீக்கியப் பொம்பிளைகள் கிணத்துக்குள்ள குதிக்கிற காட்சி வருது, அது ராவல்பிண்டிப் பக்கத்தில தோஹா கால்சா எண்ட ஊரில உண்மையா நடந்தது, அந்த இடத்தில எழுத்து அதைத் தியாகம் எண்டு கும்பிடுதா, இல்ல வேற வழி ஒண்டும் விடப்படேல்ல எண்டு காட்டுதா எண்டு கேளுங்கோ.

படி 6: போகாமல் நிண்ட ஆக்களையும் பாருங்கோ

இதுக்கு ஒரு படம், எம்.எஸ். சத்யுவின்ட ‘கரம் ஹவா’, இஸ்மத் சுக்தாயின்ட கதையில இருந்து எடுத்தது. ஆக்ராவில சப்பாத்து வியாபாரம் செய்யிற சலீம் மிர்ஸா போகமாட்டன் எண்டு நிக்கிறார், ஆனா வீடு தமையன்ட பேர்ல, தமையன் பாகிஸ்தானுக்குப் போனவுடன வீடு பறிபோகுது, பாங்க் கடன் குடாது, வாடகை வீடு கிடைக்காது. ஒரு கத்திக்குத்தைப் பெரிசாக் காட்டாமல் ஒரு குடும்பத்தை அந்நியமாக்கிறது எப்பிடி எண்டு காகிதம் காகிதமாக் காட்டின படம். கிழவி அந்த வீட்டை விட்டு வரமாட்டன் எண்டு விறகுக்குள்ள ஒளிக்கிற காட்சியைப் பாத்தால், 83க்குப் பிறகு வெள்ளவத்தையில வீட்டை விட்டு அசையாத எத்தினையோ அம்மம்மாக்கள் உங்களுக்கு ஞாபகம் வருவினம்.

வங்காளப் பக்கம் வேற விதம், ஒரே அடியா இல்ல, 1950, 1964, 1971 எண்டு இருவத்தஞ்சு வருசமா கொஞ்சம் கொஞ்சமா ஆக்கள் வந்துகொண்டே இருந்தவை. ‘நிழல் கோடுகள்’ல டாக்காவுக்குப் போற கிழவி, பிளேனில இருந்து பாத்தால் எல்லை தெரியுமோ எண்டு கேக்கிறா, ஒரு கோடோ வேலியோ இல்லையெண்டால் பேந்து என்னத்துக்குப் பிரிச்சது எண்டு. தமிழில வாசிக்க அதீன் பந்த்யோபாத்யாயவின்ட ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ இருக்கு, குர்அதுல்ஐன் ஹைதரின்ட ‘அக்னி நதி’ இருக்கு, ரெண்டும் பெரிய புத்தகம், லீவு நாளில எடுங்கோ. ரித்விக் கட்டக்கின்ட ‘மேக தாக தாரா’ 1960, அகதிக் குடும்பத்துக்காக உழைச்சே தேயிற ஒரு மகள், கட்டாயம் பாருங்கோ.

படி 7: தமிழுக்கு வாங்கோ

தமிழில பிரிவினை நாவல் இல்ல எண்டு சொல்லுற ஆக்களுக்கு அசோகமித்திரன்ட ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ எண்டு சொல்லுங்கோ, 1977. இடம் செகந்திராபாத், 1947-48. நிஜாம் எண்ட மன்னர்ட ஹைதராபாத் ரெண்டு நாட்டிலயும் சேராமல் நிக்குது, ஒரு பக்கம் நிஜாமுக்காக ஆயுதம் தூக்கின ரஜாக்கர்கள், மற்றப் பக்கம் இந்தியா, நடுவில சந்திரசேகரன் எண்ட தமிழ்ப் பொடியன் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்துகொண்டு கிரிக்கெட் விளையாடுறான், மாடு பாக்கிறான், காலேஜ் போறான். வரலாறு அவனுக்கு மைதானத்தில ஒரு சின்னத் தகராறா, பக்கத்து வீட்டுக்காரன்ட முறைப்பா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருது. 1948 செப்டம்பர் 13 இந்தியப் படை உள்ள போகுது, 17 நிஜாம் சரணடையிறார், அதோட பயப்பிடுற பக்கம் மாறுது. கடைசிப் பக்கங்களை நான் சொல்லமாட்டன். படி 2இல நீங்கள் குறிச்சு வச்ச ஊகத்தை அந்த இடத்தில எடுத்துப் பாருங்கோ, அது காணும்.

இனி எங்கட நாடு. இஞ்ச கோடு கீறேல்ல, ஆனா 1948 குடியுரிமைச் சட்டத்தோட மலையகத் தமிழர் நாடில்லாத ஆக்களாப் போச்சினம், 1964 ஒக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில 975,000 பேரை மேசையில வச்சுப் பிரிச்சினம், 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு விட்டு 1974இல சரிபாதியாப் பிரிச்சினம். அந்த ஆக்களில ஒருத்தரைக் கூட மேசைக்குக் கூப்பிடேல்ல. சி.வி. வேலுப்பிள்ளை 1947 தேர்தலில தலவாக்கலையில இருந்து பாராளுமன்றம் போனவர், அடுத்த தேர்தலுக்கு முதல் அவருக்கு வோட்டுப் போட்ட சனத்தின்ட வோட்டே போச்சு. அவர்ட ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்ட ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பு எல்லாத்தையும் மலையக இலக்கியம் எண்டு தனி றாக்கையில வைக்கிற பழக்கத்தை விட்டிட்டு மண்ட்டோவுக்குப் பக்கத்தில வச்சு வாசியுங்கோ, அவை எல்லாரும் ஒரே விசயத்தைத்தான் எழுதினவை.

நேரம் இருந்தால் வெளிநாட்டுக் கதை ஒண்டு, கசான் கனஃபானியின்ட ‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’, 1969. இஸ்ரேல் உருவாகின 1948இல ஓடேக்க விட்டிட்டு வந்த கைக்குழந்தையைத் தேடி ஒரு பாலஸ்தீனத் தாயும் தகப்பனும் 1967இல பழைய வீட்டுக்குப் போகினம், பிள்ளை வளந்து இஸ்ரேல் ராணுவ உடுப்பில வந்து நிக்கிறான். ‘லாஜவந்தி’ வாசிச்ச ஆளுக்கு இது நல்லா விளங்கும்.

படி 8: ஆக்களைச் சேர்த்து வாசியுங்கோ

தனிய வாசிச்சால் உங்கட பக்கத்துக் காயம் மட்டும்தான் பெரிசாத் தெரியும், அதால நாலஞ்சு பேர் சேருங்கோ, தமிழ், முஸ்லிம், மலையகம், ஏலுமெண்டால் ஒரு சிங்கள சிநேகிதரும். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில தேடுங்கோ, செட்டியார் தெருப் புத்தகக் கடைகளில கேளுங்கோ, செப்டம்பர் புத்தகக் கண்காட்சிக்குத் தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் வந்தால் அப்ப வாங்கலாம். மண்ட்டோ கதைக்கு ஒரு மாலை காணும், ‘தமஸ்’க்கு ஒரு மாசம் குடுங்கோ. 1990இல வடக்கில இருந்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் துரத்தினதைப் பற்றிக் கதை வரும், 83 வரும், ஆரும் எழும்பிப் போகாமல் இருக்கோணுமெண்டால் ஒரு ஒழுங்கு வையுங்கோ: முதல் அரை மணித்தியாலம் புத்தகத்துக்குள்ள இருக்கிறதைப் பற்றி மட்டும்தான், பக்க நம்பரோட.

அதோட குடும்பத்தில ஆராவது ஒப்பந்தத்தில இந்தியா போயிருந்தால், மண்டபம் முகாமில இருந்து, கோத்தகிரி, கூடலூரில இருந்து வந்த பழைய கடிதங்கள் பெட்டிக்குள்ள கிடந்தால், அடுத்த கூட்டத்துக்கு அதுகளையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, மையினால எழுதினது மங்கிப்போக முதல் போனில படம் பிடிச்சு, எழுதின ஆளின்ட பேரையும் ஆருக்கு எழுதினது எண்டதையும் பக்கத்தில குறிச்சு வையுங்கோ.